தீவுக்குப் போய்வர எத்தனை நாள் வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கடல் இல்லை. தெற்கே போனாலும் கிழக்கே போனாலும் உப்புக் காற்று முகத்தில் அடிக்கக் பல மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும். அதனால்தானோ என்னவோ, இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்து படகு, கப்பல், தீவு என்று கேட்டு வரும் கடிதங்கள் குறைவதே இல்லை. அவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

எங்கள் வீட்டில் பதினோரு பேர். யாரும் இதுவரை கடலில் படகு ஏறியதில்லை. 72 வயது அம்மாவும் வருகிறார், அவருக்கு மூட்டு வலி. முதல் தடவைக்கு எந்தத் தீவு சரியாக இருக்கும்?
– வாசகி, பாலக்கோடு

கன்னியாகுமரி. அதைத் தீவு என்று சொல்ல மாட்டார்கள், பாறை என்பார்கள். ஆனால் வரிசையில் நிற்பது, லைஃப் ஜாக்கெட் மாட்டுவது, ஆடும் படகில் கால் வைப்பது, இறங்குவது என்று எல்லாவற்றையும் சில நிமிடப் பயணத்தில் பழகிக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உடனே கரை வந்துவிடும். அந்தமானுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு நடுக்கடலில் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

பெங்களூரு–நாகர்கோவில் ரயில் ஓசூர், தருமபுரி, சேலம் வழியாகத்தான் போகிறது. நாகர்கோவிலில் இறங்கினால் கன்னியாகுமரி 20 கி.மீ. இறங்கிய அன்றே படகுத்துறைக்கு ஓடாதீர்கள். ராத்திரி முழுக்க ரயிலில் தூங்காத உடம்புக்குப் படகு ஆட்டம் சீக்கிரம் தலைசுற்றலைக் கொண்டுவரும். அன்று கோயில், சூரிய அஸ்தமனம். மறுநாள் காலை 8 மணிக்குப் படகு தொடங்கும்போது வரிசையில் நில்லுங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள்தான் ஓடுகின்றன. சாதாரணச் சீட்டு, வரிசை குறைந்த சிறப்புச் சீட்டு என இரண்டு உண்டு. அம்மாவை உத்தேசித்துச் சிறப்புச் சீட்டு எடுங்கள். வலி படகில் வராது, இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பதில்தான் வரும். மாலை போட்டவர்கள் வரும் கார்த்திகை, மார்கழியில் அந்த வரிசை இன்னும் நீளும்.

விவேகானந்தர் பாறையில் செருப்பைக் கழற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் கல் சுடும், அம்மாவுக்குப் பழைய காலுறை ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் 133 அடி திருவள்ளுவர் சிலைக்குப் போக இன்னொரு முறை படகு ஏறி இறங்க வேண்டும். 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இரண்டு பாறைகளையும் இணைத்துவிட்டதால் இப்போது நடந்தே போகலாம். மூட்டு வலிக்காரர்களுக்கு ஒரு படகு ஏற்றம் மிச்சமானது பெரிய விஷயம்.

ஏறும்போது அம்மா இரண்டு கையிலும் ஒன்றும் வைத்திருக்கக் கூடாது. பையை வேறு யாராவது வாங்கிக்கொள்ளுங்கள். படகு அலையில் உயர்ந்து துறை மட்டத்துக்கு வரும்போது ஊழியர் “வாங்க” என்பார். அந்த நொடியில் ஒரே எட்டில் உள்ளே போக வேண்டும். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு மறு காலைத் துறையில் வைத்து யோசிப்பவர்கள்தான் விழுகிறார்கள். படகுக்கும் சுவருக்கும் நடுவே கை கால் போகவே கூடாது. அந்த இடுக்கு அலைக்கு அலை திறந்து மூடும்.

தொப்பூர் கணவாயில் பஸ் திரும்பினாலே எனக்குக் குமட்டும். கப்பலில் போக முடியுமா?
– வாசகர், ஓசூர்

போகலாம். ஆனால் தொப்பூரில் வருவதும் கடலில் வருவதும் ஒரே கோளாறுதான் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். காதுக்குள்ளே உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. கண் எதிர் இருக்கையையோ செல்போனையோ பார்த்துக்கொண்டு ‘அசையவில்லை’ என்கிறது. இந்த முரண்பாட்டைத்தான் மூளை வயிற்றில் இறக்கிவிடுகிறது. பஸ்ஸில் டிரைவருக்குக் குமட்டாததன் காரணமும் அதுதான், அவர் கண் வளைவுக்கு முன்னாலேயே வளைவைப் பார்த்துவிடுகிறது.

ஆகவே முதல் மருந்து இடம். படகை ஏற்றப்பலகையாக (சீ-சா) நினைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்கள் இரண்டு நுனியில் உட்கார்ந்து ஆடும்போது நடுவில் நிற்பவனுக்கு அசைவே தெரியாது. படகிலும் நடுப்பகுதி, அதிலும் கீழ்த்தளம்தான் குறைவாக ஆடும். முன்முனை ஏறி இறங்கும். மேல்தளம் பக்கவாட்டில் அதிகம் சாயும். பின்பக்கம் டீசல் புகை வரும், குமட்டுகிற வயிற்றுக்கு அந்த வாசனை ஒன்றே போதும். விரைவுப் படகுகள் சிலவற்றில் மேல்தள இருக்கைக்குக் கூடுதல் காசு வாங்குகிறார்கள். சொகுசு இருக்கலாம், ஆனால் வயிற்றுக்கு அது கெட்ட இடம். விலை குறைந்த கீழ்த்தளமே உங்களுக்கு நல்லது.

இரண்டாவது கண். வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். உள்ளே அடைத்த ஏ.சி. அறை என்றால் கண்ணை மூடித் தலையைப் பின்னுக்குச் சாய்த்து அசையாமல் வையுங்கள். வாட்ஸ்அப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது வயிறு. ‘வாந்தி வரும், சாப்பிடாமலே போகலாம்’ என்று பலர் பட்டினியாக ஏறுகிறார்கள், அது தப்பு. காலி வயிற்றில் அமிலம்தான் புரளும். இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, அல்லது உப்பு பிஸ்கட் நாலு. பூரி, பரோட்டா, பால் காபி வேண்டாம். இஞ்சி முரப்பா சிலருக்குக் கேட்கும்.

மாத்திரை என்றால் புரோமெத்தசின் (அவோமின் என்று கேட்டால் கொடுப்பார்கள்), மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் ஆகியவை வழக்கத்தில் உள்ளவை. எதுவானாலும் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் மாத்திரையே வெளியே வந்துவிடும். மூன்றுமே தூக்கம் தரும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. கண்ணழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் வந்தால் வரட்டும். சட்டைப்பையில் இரண்டு பாலித்தீன் பை, ஒரு சின்னத் துண்டு. கைப்பிடிச் சுவருக்குப் போவதானால் காற்று முதுகில் படும் பக்கமாகப் போங்கள். இதைச் சொல்லாமல் விட்டு, பக்கத்தில் நின்றவர் சட்டை பாழாகி வந்த சண்டைகள் ஏராளம்.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கம் காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறதாமே. தருமபுரியிலிருந்து போவதற்கு வரிசையாக என்னென்ன செய்ய வேண்டும்?
– வாசகர், தருமபுரி

இந்தத் தடத்தின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் திட்டம் போடுவது சுலபம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடியதும் 1980-களில் போரால் நின்றது. 2023 அக்டோபர் 14-ல் நாகையிலிருந்து ‘செரியபாணி’ கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். வடகிழக்குப் பருவமழை வந்ததும் சில நாளிலேயே நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16-ல் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. அந்த வருட வாடையிலும் நின்றது. ஆக, ஐப்பசி முதல் தை வரை இந்தக் கப்பலை நம்பிக் கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ நாள் குறிக்காதீர்கள்.

தூரம் சுமார் 60 கடல் மைல், நம் கணக்கில் 110 கி.மீ. கடல் அமைதியாக இருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதாவது மணிக்கு 28 கி.மீ., டவுன் பஸ் வேகம். நான்கு மணி நேரமும் உட்கார்ந்தே போவது, படுக்கை கிடையாது.

முதலில் பாஸ்போர்ட். திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இது நாட்டுக்கு நாடு போகும் கப்பல், ஆதார் செல்லாது. இரண்டாவது, இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியை அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே எடுங்கள். அதே போலத் தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் கூடுதல் காசு பிடுங்கும். விண்ணப்பத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் பக்கத்தில் தகராறு எங்கே வருகிறதென்றால் இனிஷியலில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், கப்பல் சீட்டில் ‘கே.’ என்று ஒற்றை எழுத்து இருக்கும். குடியேற்ற மேசையில் இதற்குத்தான் நிறுத்துவார்கள். மூன்றாவதாகத்தான் கப்பல் சீட்டு. வாரத்தின் எல்லா நாளும் ஓடுவதில்லை, அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். போகும் நாள், திரும்பும் நாள் இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

நாகைக்குப் போக பெங்களூரு–காரைக்கால் ரயில் ஓசூர், தருமபுரி வழியாக ஓடுகிறது. சாலையில் சேலம், திருச்சி, தஞ்சாவூர் வழி சுமார் 340 கி.மீ. ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. சுங்கம், குடியேற்றம், பை சோதனை எல்லாம் ஏறுவதற்கு முன் துறைமுகத்திலேயே நடப்பதால், சீட்டில் போட்டிருக்கும் வருகை நேரம் கப்பல் கிளம்பும் நேரத்துக்கு வெகு முன்னால் இருக்கும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே நாகையில் இருங்கள். திரும்பும்போதும் அப்படியே, கப்பல் வரும் நாளுக்கு அடுத்த நாள் ரயிலுக்குப் பதிவு செய்யுங்கள். லீவு நான்கு நாள் என்றால் இரண்டு நாளைக் கரைக்கென்று கொடுத்துவிட வேண்டியதுதான். இது வீண் என்று நினைப்பவர்கள் விமானத்தில் போவதே உத்தமம்.

எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்பது அடிக்கடி மாறுகிறது. உங்கள் சீட்டில் அச்சிட்டதுதான் கணக்கு. வீட்டில் எடை பார்க்கும்போது கைப்பையையும் தராசில் வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் மாம்பழம் ஒரு பெட்டி, இரண்டு ஒட்டு மாங்கன்று கொண்டுபோகலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

கன்று வேண்டவே வேண்டாம். மண்ணோடும் வேரோடும் பூச்சியும் நோயும் போகும் என்பதால் எந்த நாடும் இதை விடுவதில்லை. இலங்கையில் 1999-ம் ஆண்டின் 35-ம் எண் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. முன் அனுமதியும் நம் பக்கத்துத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வரும் செடி, விதை, பழம் அங்கே பறிமுதல்தான். ஒரு பெட்டி மல்கோவாவைக் கண்ணெதிரே எடுத்துப் போடுவதைப் பார்ப்பது கிருஷ்ணகிரிக்காரருக்குக் கொடுமை. தொழிற்சாலையில் டின்னில் அடைத்து, முத்திரையும் தேதியும் உள்ள மாங்கூழ் வாங்கிக்கொண்டு போங்கள். கேட்டால் எடுத்துக் காட்டுங்கள், மறைத்து வைக்காதீர்கள். டின் கனம், அது தனிக் கவலை.

ஒகேனக்கல் பரிசலுக்குப் பழகியவர்கள் நாங்கள். பெரிய படகில் லைஃப் ஜாக்கெட் எதற்கு? அதைப் போட்டால் வியர்த்துக் கொட்டுகிறது.
– வாசகர், பென்னாகரம்

பரிசலையும் படகையும் ஒப்பிட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் ஆபத்து இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. பரிசல் வட்டம், தட்டையான அடி, ஒற்றைத் துடுப்பு. அது சுழலும், ஆனால் எல்லோரும் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பதால் எடை முழுக்கக் கீழே இருக்கிறது. எழுந்து நின்றால் பரிசல்காரர் கத்துவார். பெரிய படகில் யாரும் கத்துவதில்லை. அதனால் எழுந்து நிற்கிறோம், மேல்தளத்துக்குப் போகிறோம், டால்பின் என்று யாராவது சொன்னால் மொத்தப் பேரும் ஒரு பக்கம் ஓடுகிறோம். மனிதர்களின் எடை மேலேயும் ஓரத்திலும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய படகும் சாயும். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அலையே இல்லாத ஏரி அது. விலங்கு பார்க்கப் பலர் ஒரே பக்கம் நகர்ந்ததைத்தான் உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள்.

ஆகவே ஏறியதும் படகின் பக்கத்திலோ அறை வாசலிலோ எழுதியிருக்கும் பயணிகள் எண்ணிக்கையைத் தேடுங்கள். ஆட்கள் அதைத் தாண்டினால் இறங்கி அடுத்த படகில் வாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இனி ஜாக்கெட். தோளில் தொங்கப்போட்டுக்கொண்டு பொத்தான் மாட்டாமல் செல்ஃபி எடுப்பது, போடாததற்குச் சமம். தண்ணீரில் விழுந்தால் உடம்பு கீழே போகும், ஜாக்கெட் மேலே மிதக்கும். வார்கள் எல்லாவற்றையும் மாட்டி இறுக்குங்கள். பிறகு பக்கத்தில் உள்ளவர் உங்கள் இரண்டு தோள்பட்டையிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். அது மோவாயைத் தாண்டி மூக்குக்கு வந்தால் தளர்வு, இன்னும் இறுக்க வேண்டும். தொடை இடுக்கு வார் இருந்தால் அதையும் மாட்டுங்கள். குழந்தைகளுக்கு அது மிக அவசியம், இல்லாவிட்டால் ஜாக்கெட் தலை வழியே கழன்றுவிடும். சர்வதேசக் கப்பல் விதியில் 15 கிலோவுக்குக் கீழே கைக்குழந்தை அளவு, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அளவு, அதற்கு மேல் பெரியவர் அளவு. நான்காம் வகுப்புப் பையனுக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டி, ‘சரியா இருக்கு’ என்று அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. சிறியது வேண்டும் என்று கேளுங்கள்.

பையில் வரும், கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பும் வகையை அறைக்கு உள்ளே ஊதக் கூடாது. தண்ணீர் உள்ளே புகுந்தால் அது உங்களைக் கூரையோடு அழுத்தி வைத்துவிடும், வாசலுக்குக் குனிந்து போக முடியாது. வெளியே வந்த பின்தான் இழுக்க வேண்டும்.

பெரிய கப்பல்களில் ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அவசரக் கூட்ட அழைப்பு. ஏறிய முதல் பத்து நிமிடத்தில் உங்கள் கூடுமிடம் எது, அங்கே போக எந்தப் படி என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். வியர்வை காய்ந்துவிடும்.

அந்தமானுக்குக் கப்பலில் போக ஆசை. சென்னையிலிருந்து எத்தனை நாள்? அங்கே போனபின் தீவுக்குத் தீவு எப்படிப் போவது?
– வாசகி, ஊத்தங்கரை

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 1,200 கி.மீ. கப்பல் ஏறத்தாழ 60 மணி நேரம் எடுக்கும், கடல் கொந்தளித்தால் இன்னும் கூடும். மணிக்கு இருபது கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் சைக்கிள்காரர் சற்று வேகமாக மிதித்தால் பக்கத்திலேயே வருவார். கீழே பங்க் எனப்படும் அடுக்குப் படுக்கைக் கூடத்திலிருந்து, இரண்டு பேர் தங்கும் அறை வரை வகுப்புகள் உண்டு. கப்பல் மாதத்தில் சில தடவைதான், தேதிகளும் முன்கூட்டி வெகுநாள் தெரியாது. பத்து நாள் லீவு போட்டவர் ஒருவழி கப்பல், மறுவழி விமானம் என்று வைத்துக்கொள்வது நல்லது. போகும்போது கப்பல் சரி. திரும்பும்போது கப்பல் என்றால், அது கிளம்பும் தேதிக்காக அங்கே காத்துக் கிடக்க வேண்டி வரலாம்.

பயணிகள் பொதுவாகப் போகும் தீவுகள் இரண்டு: ஹேவ்லாக், நீல். 2018 டிசம்பரில் பெயர் மாறி முறையே ஸ்வராஜ் தீவு, ஷாகித் தீவு ஆனவை. சீட்டில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் வாயில் இன்னொரு பெயர், குழம்ப வேண்டாம். படகு இருவகை. அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கிளம்பும், ஸ்வராஜ் தீவுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும், கட்டணம் மிகக் குறைவு, வெளியே நிற்கத் தளம் இருக்கும். தனியார் விரைவுப் படகு சுமார் ஒன்றரை மணி நேரம், ஏ.சி., முழுக்க மூடியது. ஓசூர் வாசகருக்குச் சொன்னதைப் படித்திருப்பீர்கள்: குமட்டுபவருக்கு அரசுப் படகின் திறந்த தளம் ஒரு வரம். ஆனால் அதில் தீவு மக்களுக்கு முன்னுரிமை, இடம் கிடைப்பது கஷ்டம். அது அவர்களுடைய டவுன் பஸ், நியாயம்தான். இரண்டு துறைகளும் வேறு வேறு இடம், சீட்டில் எந்தத் துறை என்று பார்த்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள். தப்பான துறைக்குப் போய்ப் படகை விட்டவர்கள் நிறைய.

ஒவ்வொருவருக்கும் புகைப்பட அடையாள அட்டையின் அசல் வேண்டும், செல்போனில் உள்ள படத்தை நம்பாதீர்கள். அங்கே சூரியன் நம் கடிகாரப்படி அதிகாலை ஐந்து மணிவாக்கில் உதித்து, மாலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் போய்விடும். இந்தியாவின் கிழக்கு ஓரத்தில் இருந்துகொண்டு நம் நேரத்தையே பின்பற்றுகிறார்கள். பிற்பகல் மூன்று மணிப் படகில் போய் ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

இங்கேயும் அதே சட்டம்: கடைசித் தீவிலிருந்து திரும்பும் நாளும் ஊருக்கு விமானம் ஏறும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. முந்தின ராத்திரி ஸ்ரீ விஜயபுரத்தில் படுங்கள்.

‘3-ம் எண் புயல் கூண்டு ஏற்றம்’ என்று பேப்பரில் வருகிறதே. அந்த நாளில் படகு ஓடுமா? சில நாள் காற்றே இல்லாமல் வெயில் அடிக்கும்போதும் ஓடவில்லை என்கிறார்களே?
– வாசகர், அரூர்

துறைமுகக் கூண்டு கப்பல்களுக்கான பாஷை. 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது ஒன்றுமில்லை, கிளம்பிப் போகும் கப்பல் வழியில் மாட்டலாம். 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பேரபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்தது. பயணியாக உங்களுக்கு 1 ஏறினாலே போதும், கிளம்புமுன் படகு அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். 3 ஏறினால் பெட்டியைக் கட்டாதீர்கள்.

வெயில் நாள் கேள்விக்குப் பதில் இரண்டு. ஒன்று, கள்ளக்கடல். வெகு தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும் பெரிய அலை பல நாள் பயணம் செய்து குமரிக் கரையில் திடீரென்று ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. சத்தமில்லாமல் வருவதால்தான் கள்ளன் என்று பேர். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது, அன்று கடலில் கால் நனைக்கக்கூடப் போகாதீர்கள். இரண்டு, நீர்மட்டம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும். வற்றும் நேரத்தில் படகின் அடி பாறையில் தட்டும் என்பதால், கன்னியாகுமரியில் படகை ஓட்டாமல் நிறுத்திவிடுவார்கள். நம்மவர்கள் சரியாக அமாவாசைக்குத்தான் முக்கடல் சங்கமத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு அப்படியே படகு ஏறலாம் என்று போகிறார்கள். தர்ப்பணம் அமாவாசையில், படகு அதற்கு இரண்டு மூன்று நாள் தள்ளி.

யாழ்ப்பாணம் போனால் நெடுந்தீவு, நயினாதீவு இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

ஓட்டமாக ஓடினால் முடியும், வேண்டாம். இரண்டுக்கும் குறிகட்டுவான் துறைதான். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் கடலுக்கு நடுவே போட்ட சாலையில் 776-ம் எண் பஸ் போகிறது. நயினாதீவு இருபது நிமிடப் படகு, நாகபூஷணி அம்மன் கோயில் இறங்குதுறைக்கு எதிரிலேயே. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். ஆனித் திருவிழாவில் கூட்டம் நெரியும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்தப் படகு அத்தீவு மக்கள் அரிசியும் காஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு போகும் படகு, உங்கள் சூட்கேஸுக்கு இடம் பார்க்க மாட்டார்கள். தோளில் மாட்டும் ஒரு பை போதும். போய் இறங்கியதும் முதல் வேலை, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே கேட்பது. பிறகு ஒரு ஆட்டோ பேசி, பவளக்கல் அடுக்கிய வேலிகள், ஆளில்லாமல் மேயும் குதிரைகள், பெருக்க மரம் (பாவோபாப்) என்று சுற்றுங்கள். வெயிலுக்கு ஒதுங்க நிழல் குறைவு, தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். சோழகக் காற்று (தென்மேற்குப் பருவக் காற்று) பலமாக வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் நன்றாக ஆட்டும்.

லட்சத்தீவுக்கு?
– வாசகர், பர்கூர்

அது கொச்சியிலிருந்து. நமக்குச் சேலம் போய் எர்ணாகுளம் ரயில். ஆனால் ரயிலுக்கு முன் அனுமதிச் சீட்டு. இந்தியர்களும் லட்சத்தீவு நிர்வாகத்தின் நுழைவு அனுமதி இல்லாமல் கப்பல் ஏற முடியாது. எந்தத் தீவு என்று அதில் எழுதியிருக்குமோ அங்கே மட்டும்தான். கப்பல் ராத்திரி முழுக்க ஓடி, பவளப்பாறைக்கு வெளியே ஆழத்தில் நின்றுவிடும். அங்கிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டும். கப்பலும் ஆடும், படகும் ஆடும், நடுவே நீங்கள். சக்கரம் வைத்த பெரிய பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டிய இடம் அது.

திரும்பி வந்ததும் செல்போன் சார்ஜ் ஏறவில்லை. உப்புத் தண்ணீர் தெறித்ததுதான் காரணம் என்கிறார் கடைக்காரர். இனி எப்படித் தவிர்ப்பது?
– வாசகர், ராயக்கோட்டை

கடைக்காரர் சொன்னது சரி. உப்பு காய்ந்து சார்ஜ் துளையில் உட்கார்ந்துகொள்ளும், அதன்மேல் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே உள்ள பித்தளைக் கால்கள் பச்சை பூக்கும். ஈரம் பட்ட அன்று சார்ஜில் போடவே கூடாது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, துளை கீழே பார்க்க ஒரு ராத்திரி மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் தவிடுதான் துளைக்குள் போகும். அடுத்த முறை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறைக்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அதே உறையில் அடையாள அட்டை, திரும்பும் சீட்டு, அன்று ராத்திரி அறைக்கான பணம் இவையும் இருக்கட்டும்.